லேப்டாப்பும் புலஸ மீனும்

ராஜோலு
திங்கட்கிழமை

என் செல்ல ஸ்ரவந்திக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கோம், என் முட்டிவலியும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கு. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ரித்விக்கும் குளிருக்கு நடுங்காம சுகமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிறேன், இல்லைன்னா மறைக்காம சொல்லிடு. போன் இருக்கும்போது கடிதம் எதுக்குன்னு கேப்பே. போன்ல உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துடறார், நான் ஒரு வார்த்தை சொன்னா அவர் நாலு திருத்தம் சொல்றார். இது அவர் காதுல விழக்கூடாத சமாச்சாரம். தபாலாபீஸ் வீரபத்ரம் மகள் நாளைக்கு உங்க ஊர் ம்யூனிக்குக்குக் கிளம்புறா, அவகிட்ட உனக்குப் பிடிச்ச இனிப்பு, பூத்தரேகுலு டப்பா கொடுத்தனுப்புறேன், அதுக்கு அடியில இதையும் வச்சிருக்கேன். பூத்தரேகுலு நொறுங்கியிருந்தா அவளைத் திட்டாதே, பாவம் அந்தப் பொண்ணு.

ரித்விக்குக்கு முதல் சோறு ஊட்டின அன்னப்ராசனத்து அன்னிக்கு நீ கேட்டியே, பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டு பாபிராஜு சித்தப்பா எப்படி அப்பா பக்கத்துல உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தார்னு. சொல்றேன் கேளு. சண்டை உனக்குத் தெரியும், ஆனா முழுசாத் தெரியாது. வெள்ளம் வந்து, தாலியை அடகு வச்சாவது திங்கணும்பாங்களே அந்தப் புலஸ கடல்லேர்ந்து கோதாவரியில ஏறினப்போ உங்கப்பா மீன்காரி நூகாலம்மாகிட்ட இந்த வருஷம் முதல் மீன் எனக்குத்தான்னு சொல்லி வச்சிருந்தார். அவ வர்ற வழியில பாபிராஜு வாசல்தானே முதல்ல இருக்கு, மீன் அங்கேயே இறங்கிடுச்சு. மீன் போனதுகூட போகட்டும், வருஷா வருஷம் அந்த வீட்டுலேர்ந்து வர்ற ஒரு கிண்ணம் மீன்குழம்பும் வரலை. உங்கப்பா சும்மா இருப்பாரா, டீக்கடையில அத்தனை பேர் நடுவுல, ராஜு தின்னது புலஸவே இல்லை, யாரோ ஆத்துலேயே ஏறாத கடல் மீனை ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்து அவர் தலையில கட்டிட்டாங்க, நாத்தம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டார். நம்ம ஊர்ல ஒருத்தனோட பரம்பரையையே திட்டினாலும் ரெண்டு நாள்ல மறந்துடுவான், அவன் தின்ன புலஸவைக் கடல் மீன்னு சொன்னா மறப்பானா. அன்னையிலேர்ந்து வேலிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் இவர், ரெண்டு பேரும் பேப்பரை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

இதுக்கு நடுவுல போன வாரம் என் போன் மோர்ப்பானையில விழுந்துச்சு. உங்கப்பாவோடது பட்டன் போன், அதுல பேரன் மூஞ்சி தெரியாது. விசா கிடைக்காம இங்கேயே கிடக்கிற எங்களுக்கு அவன் முதல் சோறு திங்கறதைப் பார்க்க, பீரோவுல மாசக்கணக்கா தூங்கின உன் பழைய லேப்டாப்தான் கதி. வியாழக்கிழமை காலையில திறந்தா வைஃபை சேரமாட்டேங்குது. டி.வி. ஜோரா ஓடுது, இது மட்டும் பாஸ்வேர்டு கேட்குது. ரூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிறதைப் பார்த்து உங்கப்பா அடிச்சார், தப்புன்னுச்சு. கண்ணாடியைத் துடைச்சுட்டு அடிச்சார், தப்புன்னுச்சு. என்னைப் படிக்கச் சொல்லி அடிச்சார், அப்பவும் தப்புன்னுச்சு, அதுக்குத் திட்டு எனக்கு. ரூட்டரைப் பிடுங்கி மாட்டினார், ஊதினார், விபூதி மட்டும்தான் பூசலை. அப்புறம் லேப்டாப்பை ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வீடு முழுக்க சாமி ஊர்வலம் மாதிரி சுத்தினார். கூடத்துல ரெண்டு கோடு வருது, வேலி ஓரம் போனா எல்லாக் கோடும் நிறைஞ்சு நிக்குது, என்ன அதிசயம்னு அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் பேப்பர் லேசா ஆடினதை நான் பார்த்தேன், காத்துன்னு நினைச்சேன். கேபிள்காரனைக் கூப்பிட்டா தங்கச்சி கல்யாணத்துல இருக்கேன், திங்கட்கிழமைதான் வருவேன்னுட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆச்சு, நீ சொன்ன முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு கறிவேப்பிலை பறிக்கப் போனேன், சுபத்ரா சித்தி அந்தப்பக்கம் நின்னா. ஆம்பளைங்க சண்டை எங்களுக்கு எதுக்கு, நாங்க ஒருநாளும் பேச்சை நிறுத்தலை. விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. அக்கா, அது எங்க வைஃபை, சங்கராந்திக்கு உங்க ஒயர் மேல தென்னமட்டை விழுந்து அறுந்தப்போ உங்க மாப்பிள்ளை இவர்கிட்ட கேட்டு இதுல சேர்த்தாரே, மறந்துட்டீங்களா, டீக்கடைப் பேச்சைக் கேட்ட அன்னிக்கே இவர் பாஸ்வேர்டை மாத்திட்டார், மாத்தினதுலேர்ந்து அந்த மனுஷன் வந்து கேட்பாரான்னு உங்க வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கார்னா.

உங்கப்பாகிட்ட சொன்னேன். மாப்பிள்ளை எதோட சேர்த்தாரோ அதோடதான் அது சேரும்போல, எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் புரிஞ்சுது. தலையே போனாலும் அந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன்னார். சரி, உங்க பேரன் அடுத்த தடவை முதல் சோறு திங்கும்போது பார்த்துக்கலாம், இப்ப சாப்பிட வாங்கன்னேன். உங்கப்பா எழுந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

பாபிராஜு வான்னும் சொல்லலை, வராதேன்னும் சொல்லலை. உங்கப்பா தூணைப் பார்த்து, குழந்தைக்கு இன்னிக்கு அன்னப்ராசனம்னார். அவர் கூரையைப் பார்த்து, தெரியும், அதுக்குத்தான் காலையிலேர்ந்து வாசல்லயே உட்கார்ந்திருக்கேன்னார். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தா சொல்லுவேன், நீங்கதான் அடிக்கணும்னும் சொல்லிட்டார். உங்கப்பா ஒத்தை விரலால அடிச்சுக்கிட்டே வந்தவர் பாதியில விரலை எடுத்துட்டார். எட்டிப் பார்த்தேன். 'அசலு புல' வரைக்கும் வந்திருந்துச்சு. அப்பாவோட காது செவந்து போச்சு. பாபிராஜு ஒண்ணும் தெரியாதவர் மாதிரி கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கப்பா மீதி எழுத்தையும் அடிச்சு முடிச்சார். சரியா இருக்கான்னு உரக்க ஒரு தடவை படிங்க ராவ் காருன்னார் அந்தப் பாவி. உங்கப்பா படிச்சார்டி. பேரனுக்காகத் தொண்டையைச் செருமிக்கிட்டு, அசல் புலஸன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி படிச்சார். அடுத்த நிமிஷம் திரையில நீ வந்துட்டே.

அப்புறம் நடந்தது நீ பார்த்ததுதான். அவன் பாயசத்தை நக்கிட்டு மூஞ்சியைச் சுளிச்சதும், மறுபடியும் வாயைத் திறந்ததும், எதை எடுக்கிறான்னு பார்க்க முன்னாடி பரப்பி வச்ச புத்தகம் பேனா மோதிரம் எல்லாத்தையும் விட்டுட்டு அவன் அப்பன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அந்த உதட்டுல வழிஞ்சதைத் துடைக்க என் முந்தானை அங்கே இல்லையேன்னு எனக்கு ஆறலை. நீ வருத்தப்படாதே, சும்மா சொன்னேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்னிக்கு காலையில கேபிள்காரன் வந்தான். உங்கப்பா குளிச்சுக்கிட்டு இருந்தார். லேப்டாப்பைப் பார்த்துட்டு, இதோ வைஃபை லிஸ்ட்ல உங்க வீட்டுப் பேரு கீழேயே இருக்கே, இதைத் தொட்டு உங்க பாஸ்வேர்டைப் போட்டிருந்தா வியாழக்கிழமையே வந்திருக்குமேன்னு போட்டும் காட்டினான், சட்டுனு சேர்ந்துடுச்சு. நான் உடனே அதை எடுத்துட்டு பழையபடி வையின்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். பின்னே என்ன, சனிக்கிழமை பாபிராஜு மறுபடியும் பாஸ்வேர்டை மாத்திட்டார். உங்கப்பா திட்டிக்கிட்டே அதைக் கேட்க அங்கே போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார், வெத்தலைச் சிவப்போட. நேத்தும் போனார். ரெண்டு மாசமா இந்த வீட்டுல அவர் சிரிச்சு நான் கேட்கலைடி.

நீங்க மூணு பேரும் வயிறும் மனசும் நிறைஞ்சு நூறு வருஷம் நல்லா இருக்கணும். ரித்விக்குக்கு ஊட்டும்போது போனைக் காட்டிப் பழக்காதே. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படிச்சவர், உதவி பண்றேன்னு அங்கேர்ந்து உங்கப்பாவுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்துடப் போறார், அவரை உட்கார வச்சு நல்லா சொல்லி வை: எங்க லேப்டாப்புக்கு எங்க வீட்டு வைஃபை சேரவே சேராது.

ஆசீர்வாதத்தோட,
உன் அம்மா
மாணிக்யம்