நிஷாவுக்குக் காய் ஊட்டிய வாரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மேல்காத்து. அனல். மாவுக்கட்டு போட்டு பதினாறாம் நாள். கரையேத்தும்போது போட் சறுக்கிக் கால் மேல ஏறினது. தொடை வரைக்கும் கட்டு. காலை ஊனவே கூடாதாம், இன்னும் அஞ்சு வாரம். விடியக்காலைல எல்லா போட்டும் போச்சு. படுத்தபடியே இன்ஜின் சத்தம் கேட்டேன். நம்ம போட்டுல மச்சான் போறான்.

செல்வி ஆறு மணி பஸ்ஸுக்கு மீஞ்சூர் போயிட்டா, கம்பெனி வேலைக்கு. வர எட்டாவும். நாலு மணிக்கு ஸ்கூல் விட்டா வீட்டுல நானும் எம்பொண்ணு நிஷாவும்தான்.

நிஷாவுக்கு ஆறு வயசு. வெளிக்குப் போயி மூணு நாளாச்சு. போனா வலி, ரத்தம். அந்தப் பயத்துல அடக்கிக்கிறா. நேத்து நர்ஸம்மா செல்வியைத் திட்டாத குறை. "மீனும் சோறும் மட்டும் போட்டா இப்டிதாம்மா ஆவும். காய், கீரை, தண்ணி. ஒரு வாரம் பாருங்க, இல்லன்னா பெரியாஸ்பத்திரி."

பெரியாஸ்பத்திரின்னா யார் தூக்கிட்டுப் போறது?

சாயங்காலம் பீன்ஸ் பொரியல். கட்டில்ல உக்கார வெச்சு ஊட்டினேன். துப்பிட்டா. நண்டு ஓட்டை உடைச்சு உறிஞ்சற புள்ள. பீன்ஸ்ல "நாரு கீது"ன்றா.

ஜூலை 9, புதன்

இன்னிக்கு செல்வி பண்ணி வெச்சிட்டுப் போனதும், நான் ஊட்டிப் பாத்ததும்:

கேரட். அரைச்சு தோசை மாவுல. "தோசை இன்னா செவப்பா கீது?"

முருங்கைக்கீரை. வறுத்த மீனுக்குள்ள வெச்சு. மீனை மட்டும் கழட்டித் தின்னுட்டா.

சுரைக்காய். இறால்னு சொல்லி. "வால் எங்க நைனா?"

கத்தினேன். வாயை இறுக்கிக்கிட்டு செவுத்தைப் பாத்தா. எழுந்து வர முடியாதவன் கத்தினா யாருக்குப் பயம்? எனக்கே ஒண்ணுக்கு டப்பாதான். கொட்ட ஆள் வரணும்.

ஜூலை 10, வியாழன்

தட்டு காலி!

"நீ ஊட்ட வேணா. நானே துன்றேன். நீ அந்தாண்ட திரும்பிக்கோ"ன்னா. என் தொடையில சாஞ்சு உக்காந்து பீன்ஸ், கேரட் எல்லாம் முடிச்சிட்டா. செல்விக்குப் போன் போட்டேன்.

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம."

பஸ் சத்தத்துல அவ சிரிக்கிறது கேட்டுச்சு. எத்தினி நாளாச்சு.

வெளிக்கு இன்னும் போவல. ஒரே நாள்ல ஆவுமா.

ஜூலை 11, வெள்ளி

தட்டு இன்னிக்கும் காலி. கீரை கூட.

கட்டுக்குள்ள அரிப்பு. எதோ ஊர்ற மாதிரி. மத்தியானத்துலேருந்து நாத்தம். ஊர்ல ஒருத்தருக்கு கட்டுக்குள்ளயே அழுகி, முட்டியோட எடுத்தாங்க. அவர் இப்ப ஐஸ் பெட்டிக்குக் காவல்.

செல்விகிட்ட சொல்லல. ஒத்தக் கால்ல போட்ல நிக்க முடியுமா?

ஜூலை 12, சனி

எறும்பு. கட்டு விளிம்புல வரிசையா உள்ள போவுது. செல்வி வேலைக்குப் போயிட்டா. பக்கத்து வீட்டு மேரி அக்காவைக் கூப்பிட்டேன். வலை தைச்சிக்கிட்டிருந்தவங்க ஊசியோடவே ஓடி வந்தாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தாங்க.

"தம்பி, உள்ள இன்னாவோ பச்சையா கீது."

தொடை மெலிஞ்சு கட்டு லூசாயிருக்கு. வலை ஊசியால தோண்டினாங்க. பீன்ஸ். இன்னொரு பீன்ஸ். கேரட். ஊசிப்போன கீரை உருண்டை. அக்கா சிரிச்சு சிரிச்சு தரையிலயே உக்காந்துட்டாங்க.

நிஷா வாசப்படியில நின்னா. கூப்பிட்டேன். கிட்ட வந்தா. முதுகுல அடிச்சேன். இதான் முதல் தடவை.

அழல. "நீ மட்டும் துன்றியா? தெனம் ஜன்னல் வழியா நாய்க்குத்தான போடற?"

அக்கா சிரிப்பை நிறுத்திட்டாங்க.

நிஜம்தான். எனக்கும் சின்ன வயசுலேருந்து காய் எறங்காது. செல்விக்குத் தெரியாது.

அப்புறம் அக்கா நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. தோல்தான் செவந்திருக்கு, புண் இல்லையாம். கால் பொழைச்சிது. நிஷாவுக்கு ஒரு மருந்து. காய் தின்னாம இது மட்டும் கேக்காதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஜூலை 13, ஞாயிறு

செல்விக்கு லீவு. எல்லாத்தையும் சொன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல.

"நாலு மணிக்கு எழுந்து அரியறேன்யா. நாய்க்கா?"

அவ்ளோதான். பக்கெட்டைத் தூக்கிட்டுத் தொவைக்கப் போயிட்டா. ரொம்ப நேரம் தொவைச்சா.

மத்தியானம் அவரைக்காய். ஒரே தட்டு. நான் ஒண்ணு, நிஷா ஒண்ணு. குமட்டிச்சு. முழுங்கினேன். நிஷா என் வாயைத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில கூட பாத்தா. நானும் அவளுதைப் பாத்தேன். ஆளுக்கு ஒம்போது.

முதுகைத் தடவினேன். "வலிக்குதா?"

"இல்ல. நேத்து வலிச்சிச்சு."

ஜூலை 14, திங்கள்

தூறல். செல்வி போயிட்டா. ஏழு மணிக்கு நிஷா வயித்தைப் புடிச்சிக்கிட்டு பின்னாடி பாத்ரூமுக்குப் போனா. கதவை சாத்தல. அழற சத்தம்.

"நைனா, வா. வலிக்குது."

எழப் பாத்தேன். கட்டு கல்லாட்டம் கீழ இழுக்குது. மேரி அக்கா வீட்டுல குரலே இல்ல, மீன் ஏலத்துக்குப் போயிருப்பாங்க. படுத்த எடத்துலேருந்தே கத்தினேன். "முக்காதமா. மூச்சு விடு. மெதுவா."

"போயிடாத நைனா."

"நான் எங்கமா போவப்போறேன்? இங்கதான் கீறேன்."

சத்தமே இல்ல. ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூணாவது தடவை கூப்பிடறதுக்குள்ள கட்டில் ஓரத்துக்கே நகந்துட்டேன்.

"வந்துச்சி நைனா!"

"தண்ணி ஊத்துமா"ன்னேன். "நெறைய ஊத்து."