எல்னா பிழைத்துக்கொண்ட கதை

உன் புத்தகம் என்னிடம் வந்துவிட்டது. பொங்கலுக்கு உங்கள் காம்பரா அறையை வெள்ளையடிக்கும்போது பெட்டிக்குப் பின்னால் கிடந்ததாம். உன் அக்கா லயத்து வீட்டு வரிசையின் கடைசிவரை நடந்துவந்து, "ஒனக்குத்தான் இது ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். மலைக்குத் தேயிலை பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக் கிழித்து அதில் சுற்றி வைத்திருக்கிறாய். பிரித்ததும் கொழுந்துக் கறையும் விறகுப் புகையும் கலந்த உன் வாசம். பக்க ஓரங்களெல்லாம் உன் விரல் பட்டுக் கறுத்திருந்தன. அழுதுவிட்டேன், சொல்வதில் என்ன வெட்கம்.

கொழும்பில் நீ வேலைக்கு நின்ற வீட்டில், கெம்பஸில் படித்துக்கொண்டிருந்த பெண் கொடுத்த புத்தகம் இது. அவள் கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டத்தை வைத்து எழுதிய மாயக்கதை என்று சொன்னாய். தரை துடைத்தபடி அந்த ஆட்டத்தை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாய். தோட்டத்துக்குத் திரும்பி என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்க வந்தபோது, கதையும் உன்னோடு கொட்டகலைக்கு வந்துவிட்டது. மாலையில் ஆங்கிலத்தில் வாசித்ததை மறுநாள் எங்களுக்குத் தமிழில் சொல்வாய். கை ஒரு வேகம் என்றால் வாய் அதைவிட வேகம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் தலை தெரிந்தால் மந்திரவாதி பாதி மந்திரத்தில் நிற்பான். அவர் போனதும் மீதியைச் சொல்லி முடிப்பான்.

கதையின் இளவரசனை எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. அவனோடு வரும் வில்காரி எல்னாவைத்தான் பிடித்தது. அப்படியிருக்க, ஒரு நாள் மாலை அவள் நெஞ்சில் பறக்கும் டிராகன் நாகத்தின் நகத்தைப் பாய்ச்சி, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நிறுத்திவிட்டு, நீ பாட்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு உன்னை நான் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

மறுநாள் காலை முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது வழக்கம்போல் எல்லோரும் பொலி சொன்னோம். பறிப்பு பெருகட்டும் என்று சாமிக்குச் சொல்லுகிற சொல். எங்களில் மூத்தவரான மாரியாயி அக்கா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "பொலி, பொலி. சாமி, அந்த எல்னாப் புள்ளையக் காப்பாத்திக் குடு" என்றார். நாங்களும் சேர்ந்து சொன்னோம். அது என்றைக்கோ அச்சடித்து முடிந்த புத்தகம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கொழுந்தில் வைத்த கையோடு நீ அக்கா கும்பிட்ட கையைப் பார்த்தாய். பிறகு, "விடியக்காலம் கண்ணத் தொறந்துட்டா" என்றாய். மலையே சிரித்தது.

அதற்குப் பிறகுதான் எல்னாவுக்கு வாய் நீண்டது. "ராஜா மகனா இருந்தா என்ன, ஒன் மூட்டைய நீயே தூக்கு" என்று இளவரசனை விரட்டுவாள். குகைக்குள் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவாள். "அந்த ஊர்லயும் ரொட்டியா புள்ள?" என்று கேட்டேன். "எல்லா ஊர்லயும் பசிக்குமில்ல" என்றாய்.

கதையின் கடைசிச் சண்டைக்கு முன்னால் நீ நோயில் படுத்துவிட்டாய். கட்டி என்றார்கள், கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாய், முடி கொட்டியது. வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் உன் காம்பராவுக்கு வருவேன். ஒரு நாள் நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, "அந்த ஆட்டத்துல செத்தவங்க பழைய எடத்துலயே எழும்பி நிப்பாங்க புள்ள, அந்தப் பொண்ணு எத்தன தடவ எழுப்பியிருக்கும். நமக்கு அப்புடி இல்ல, என்னா செய்ய" என்றாய். பேச்சை மாற்ற, கதையின் முடிவைக் கேட்டேன். "சொல்லிட்டா நீ நாளைக்கு வரமாட்ட" என்று சிரித்தாய். சரி, நாளைக்குச் சொல் என்று எழுந்து வந்தேன். மறுநாள் நீ இல்லை.

ஆகையால் புத்தகம் கிடைத்ததும் நான் முதலில் பிரித்தது கடைசி அத்தியாயத்தைத்தான். எனக்கு இருக்கிற ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு சொல்லையும் ஃபோனில் தேடவேண்டும். அதனால் எல்னாவின் பெயரை மட்டும் தேடினேன். காணோம். அதற்கு முந்தைய அத்தியாயத்திலும் காணோம். பின்னாலிருந்து முன்னால் தாள் தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். பாதிப் புத்தகத்தில் கிடைத்தாள். நாகத்தின் நகம் பாய்ந்த அன்று இரவே செத்துப்போகிறாள். மலையுச்சியில் புதைத்துவிட்டு மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு நடக்கிறார்கள்.

ரொட்டியும் மூட்டையும் சிரிப்பும் எல்லாம் நீ. பாதிப் புத்தகம் தூரம் செத்தவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய், கள்ளி. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வேண்டிய முடிவு எந்தத் தாளிலும் இல்லை, அது உன்னோடு போய்விட்டது. அதைக் கேட்க இன்னும் ஒரே ஒரு மாலை உன் பக்கத்தில் உட்காரக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

நேற்றுக் கொழுந்து நிறுக்கப் போன இடத்தில் மாரியாயி அக்கா கூடையை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டார்.

"புத்தகம் கெடச்சிருச்சாமே. அந்தப் புள்ள கடைசில என்னா ஆனா?"

"சண்ட முடிஞ்சு வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாக்கா."

"அம்புட்டுத் தூரம் தனியாவா போனா?"

நீ போன அன்று காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லீவு சொல்லிவிட்டு அப்படியே உன்னிடம் வந்து நாள் முழுக்க இருக்கலாம் என்று நினைத்தேன். அங்கே பேர் கூப்பிடத் தாமதமாகிவிட்டது. நான் உன் வாசலுக்கு வந்தபோது உன் அக்கா உன் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்.

"இல்லக்கா" என்றேன். "கூட்டாளி ஒருத்தி இருந்தா. வாசல் வரைக்கும் கையப் புடிச்சுக்கிட்டே போனா."