பாட்டில் படித்த இங்கிலீஷ்

சோஃபியா,

இந்த வீட்டின் சகல பிரஜைகளும், அதாவது நீ, எழுந்து நின்று படிக்க வேண்டிய அதிமுக்கிய அறிவிப்பு: உன் அப்பா டொமினிக் நேற்றோடு இங்கிலீஷ் கற்று முடித்துவிட்டான்.

சூப்பர்வைசர் இன்டர்வியூ எப்படிப் போச்சு என்று கேட்டாய். "எல்லாம் உன் பாட்டால வந்த வினை" என்று கத்தினேன். நடந்தது இதுதான். டை கட்டிய மூன்று மகான்கள் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நீ இங்கிலீஷ் பாட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்த வார்த்தையெல்லாம் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை வேண்டுமென்றால் அது வரும் பாட்டை முதல் வரியிலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அவர்கள் காத்திருந்தார்கள். நான் பல்லவியிலேயே நின்றேன். காலில் தாளம் வேறு போட்டேன் போலிருக்கிறது. "ஆர் யூ ஓகே, சார்?" என்று ஒரு மகான் தண்ணீர் நீட்டினார். காதலி விட்டுப்போனால் புலம்ப எனக்கு ஆறு பாட்டு தெரியும். இருபது வருஷம் லேத் மெஷின் ஓட்டினேன் என்று சொல்ல ஒரு பாட்டும் இல்லை.

உன் மேல் தப்பில்லை. நேற்று சாப்பிடாமலே படுத்துவிட்டாய். அடுப்பு மேடையில் புளிசாதம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுக் காலேஜ் போ. சாவியைக் கீழ்வீட்டு ஃபாத்திமா அக்காவிடம் கொடு.

பி.கு: சாயங்காலம் க்ளென் மாமா வாழ்த்துச் சொல்லக் கேக்கோடு வருவார். விஷயத்தைச் சொல்லிவிடு, கேக்கை வாங்கிக்கொள். அது என்ன பாவம் செய்தது.

இன்னொன்று, இடமில்லாததால் ஓரத்தில்: நீ எனக்காக எழுதி வைத்திருக்கும் புதுப் பாட்டு லிஸ்டைப் பார்த்தேன். வேண்டாம்மா. இன்றைக்குப் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலை கேட்கப் போகிறேன். அங்கே எனக்குத் தெரிந்த கன்னடமே போதுமாம்.