ஒன்பதாவது படம்

மேடம்,

உங்கள் அறையை நேற்று காலி செய்தார்கள். புத்தகங்கள் நூலகத்துக்குப் போயின. நாற்காலியை யார் எடுத்துப் போனார்களோ தெரியாது. கிளார்க் மஞ்சுநாத் மட்டும் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் சமையலறை மேடையில் வைத்து, மேலே என் பெயரை நீங்கள் எழுதி வைத்திருந்ததாகச் சொன்னான். பழைய நிகழ்ச்சி நிரல் தாளில் சுற்றிய கைமணி. பிரித்ததும் பித்தளை வாடை குப்பென்று வந்தது. புளி போட்டுத் தேய்த்து ரொம்ப நாளாகிவிட்டது போல, ஓரமெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்காமல் அந்தத் தாளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றேன்.

நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவது வரை படித்தவள் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆராய்ச்சி நிலையத்து விருந்தினர் விடுதியில் சமையலுக்கு வந்த புதிதில், நீங்கள் வருடாவருடம் நடத்திய அந்த ஐந்து நாள் பயிற்சி எதற்கென்றே எனக்குப் புரியவில்லை. நட்சத்திரங்களைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள் என்று முப்பது பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வானத்தைப் பற்றித்தான் பாடம் நடக்கும் என்று நினைத்தேன். நீங்களோ மேடையில் எங்கே நிற்பது, வேலைக்கு மனு எழுதுவது எப்படி, இன்டர்வியூவில் தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு இதையுமா சொல்லித்தர வேண்டும் என்று டீ கொடுக்கும்போது கேட்டேன்.

"நட்சத்திரம் பேசாதும்மா. அதோடயே இருந்து இருந்து இவங்களுக்கும் பேச்சு மறந்துடுது" என்றீர்கள்.

ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நிமிடம். அதைச் சொல்ல முதலில் ஸ்டீல் டம்ளரில் ஸ்பூனால் தட்டிப் பார்த்தீர்கள். யார் காதிலும் விழவில்லை. அப்புறம்தான் என் சமையலறையில் முருகன் படத்துக்குக் கீழே இருந்த மணியின் மேல் உங்கள் கண் போனது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மனுசர் பேச்சை நிறுத்தவா சாமி மணி என்று கேட்டேவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. பூஜையில் எதற்காக அடிக்கிறீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். தீபாராதனை காட்டும்போது வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக என்றேன். அந்தச் சனிக்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சிவாஜிநகரில் இந்தத் தனி மணியை வாங்கினீர்கள். கடைக்காரரிடம் உருதுவில் பேசிக்கொண்டே ஒவ்வொரு மணியாக அடித்துக் கேட்டீர்கள். எந்தக் கோயிலுக்கு என்று அவர் கேட்க, நீங்கள் ஆபீசுக்கு என்றதும், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மணியடிக்கும் வேலையை எனக்கே கொடுத்தீர்கள். வாத்தியார்கள் அடித்தால் தங்கள் மாணவருக்கு ஒரு நிமிடம் விட்டுக்கொடுப்பார்களாம். "உங்களுக்கு இங்க யாரையும் தெரியாது, எதையும் தெரியாது. அதான் வேணும்" என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் ஆறு வருடம் சரியாகத்தான் அடித்தேன்.

ஏழாவது வருடம் என்ன நடந்தது என்பதைத்தான் அந்தத் தாளைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். கடைசி நாள், கடைசிப் பகுதி. கடைசிப் பெயர் ஷில்பா.

ஷில்பாவை நினைவிருக்கிறதா? சித்ரதுர்கா பக்கத்துப் பெண். ஆங்கிலத்தில் மேடையேறுவது அதுதான் முதல் தடவை. மூன்று நாளாக என் சமையலறையில், நான் வெங்காயம் நறுக்க நறுக்க, முதலில் கன்னடத்தில் சொல்லிப் பார்ப்பாள், அப்புறம் இங்கிலீஷில். முடித்ததும் "ஆன்ட்டி, டைம் ஆய்த்தா?" என்று, நேரம் தாண்டிவிட்டதா என்று மறக்காமல் கேட்பாள். நூறு வருடத்துக்கு முந்தைய கண்ணாடித் தகடுகளில் பிடித்துவைத்த சூரியன் படங்களை எடுத்து, அதில் இருக்கும் கரும்புள்ளிகளை எண்ணுவது அவள் வேலை. சூரியனுக்கு மச்சம் உண்டு என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினமும் காலையில் கும்பிடுகிறேன், முகத்தைப் பார்த்ததில்லையே.

அன்று வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு விஞ்ஞானி விருந்தாளியாக வந்திருந்தார். எல்லார் பேச்சையும் கேட்டு, தன்னிடம் ஆறு மாதம் வந்து வேலை செய்ய இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. ஷில்பாவுக்கு உதவித்தொகை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, அண்ணன் பார்த்துவைத்திருக்கும் பள்ளிக்கூட வேலையில் சேர வேண்டும். கண்ணாடித் தகடுகள் அப்படியே பெட்டியில் கிடக்கும். இதை அவள் அழாமல்தான் சொன்னாள், ஆனால் நான் நறுக்கிய வெங்காயத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் பேசியது மதுரைக்காரத் தம்பி. எழுந்தவுடன் திரையில் ஒரு சிவந்த நட்சத்திரத்தைக் காட்டி, என்னவோ ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. இதைத்தான் எங்கள் ஊரில் திருவாதிரை என்பார்கள் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மேடம், நான் பிறந்த நட்சத்திரம் திருவாதிரை. மார்கழியில் அந்த நாளில் களி கிண்டி, விடியுமுன் கோயிலில் போய் நின்று ஐம்பது வருடமாகக் கும்பிடுகிற நட்சத்திரம். அதை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்க்கிறேன். இரண்டு படம் போட்டார். முதலில் உருண்டையாக, பளபளவென்று. அடுத்ததில் கீழ்ப்பாதி இருண்டு கிடந்தது. அணையப் போகிறதோ என்று உலகமே பயந்ததாம். கடைசியில் பார்த்தால், அதுவே ஊதித் தள்ளிய தூசிதான் அதன் முகத்தை மறைத்திருந்ததாம். தூசி விலகியதும் பழையபடி ஒளி வந்துவிட்டதாம். இங்கிலீஷில்தான் பேசினார், ஆனால் படமும் கையும் எனக்குப் போதுமாயிருந்தன. சாமி சந்நிதியில் நிற்பதுபோல நின்றேன். கையில் மணி இருப்பதே நினைவில்லை.

அவர் நன்றி சொன்னபோது பார்க்கிறேன், பத்தொன்பது நிமிடம் ஓடியிருந்தது. நான் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அமர்வை நடத்திய வாத்தியாரோ மணி கேட்கவில்லையே, நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார். விருந்தாளி விமானம் பிடிக்க வேண்டும். ஷில்பாவை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் நாலாவது படம் வரைக்கும்தான் போனாள். திரையில் ஒரு பழைய தகடு, அதில் சூரியன், அதில் புள்ளிகள். முன் வரிசையில் யாரோ அது கண்ணாடியில் பிடித்த பூஞ்சையாக இருக்கும் என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். கேள்விக்கு நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள். விருந்தாளி நோட்டை மூடுவதை நான் பார்த்தேன். ஷில்பா நேராக என்னிடம் வந்தாள். என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அதற்கான பதில் ஒன்பதாவது படத்தில் இருக்கிறது, யாருமே பார்க்கவில்லையே என்று மட்டும் கன்னடத்தில் சொன்னாள்.

தாழ்வாரத்தில் நீங்கள் அமர்வு நடத்திய வாத்தியாரிடம், ஏன் நேரத்தோடு நிறுத்தவில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தினால்தான் எல்லாருக்கும் பயம். நான் நடுவில் போய் நின்றேன்.

"அவர் மேல தப்பில்ல மேடம். நான்தான் அடிக்கல. என் நட்சத்திரம்னதும் அப்படியே நின்னுட்டேன்."

நீங்கள் அந்த வாத்தியாரை அனுப்பிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டீர்கள்.

"தெரியும். நான் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். வாயைத் திறந்துட்டு ஒருத்தர் நட்சத்திரத்தைக் கேக்கறாங்களேன்னு சந்தோஷமா இருந்துது. கடியாரத்தை நானும் பாக்கல. அந்தப் பொண்ணோட நேரத்தை நாம ரெண்டு பேருந்தான் எடுத்துட்டோம்."

வாசலில் விருந்தாளியின் காருக்கு மஞ்சுநாத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஏர்போர்ட் போய்ச் சேர இந்த ஊரில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அந்தப் பெண்ணும் ஏறிக்கொள்ளட்டுமே என்றேன். விருந்தாளியை அப்படித் தொந்தரவு செய்வது முறையில்லை என்றீர்கள். ஒருத்திக்கு மட்டும் இடம் கொடுத்தால் மற்றவர்கள் கேட்கமாட்டார்களா என்றும் சொன்னீர்கள். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடமும் கொடுத்தாயிற்றே, இவளுக்கு இன்னும் ஏழு பாக்கி இருக்கிறதே என்று நான் விடாமல் பேசினேன். என் வாயை மூட வேறு வழியில்லாமல்தான் போய்க் கேட்டீர்களோ என்னவோ. நடந்த தப்பை மறைக்காமல் அவரிடம் சொன்னீர்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். துணைக்கு நானும் ஏறினேன், முன் சீட்டில்.

முதல் அரைமணி நேரம் அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். ஷில்பா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஹெப்பாள் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றுவிட்டன. டிரைவர் ஹாரனை அழுத்தப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஏனு ஆன்ட்டி, எக்ஸாமா?" என்று ரகசியமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளையாரப்பா, இந்த விக்கினத்தை மட்டும் கொஞ்ச நேரம் தீர்த்துவைக்காதே என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேண்டுதல் அன்றைக்கு மட்டும்தான்.

போன் நின்றது. அவர் ஷில்பா பக்கம் திரும்பி, அதே பூஞ்சைக் கேள்வியைத்தான் கேட்டார். புள்ளி இருப்பது சூரியனிலா கண்ணாடியிலா, உனக்கு எப்படித் தெரியும்? நான் டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் ஷில்பாவின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டால் ஒரு முகம் வருமே, அது. மளமளவென்று தள்ளி ஒன்பதாவது படத்தைக் காட்டினாள். அடுத்தடுத்த ஐந்து நாள் தகடுகள், வரிசையாக. சூரியன் சுற்றுவதால் புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போயின. இரண்டு புள்ளி மட்டும் ஒரே ஒரு தகட்டில் இருந்தன, மறுநாள் தகட்டில் காணோம். அதுதான் பூஞ்சை என்று அவளே காட்டினாள். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்றும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வண்டி நகர்ந்ததை அவர்கள் இருவரும் கவனிக்கவே இல்லை. இறங்கும்போதும் கேள்வி கேட்டபடியேதான் இறங்கினார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஷில்பா பெயர் இருந்தது. மதுரைத் தம்பி பெயரும் இருந்தது. நான் சர்க்கரைப் பொங்கல் வைத்து எடுத்துவந்து, எல்லாம் அந்தக் கார்ப் பயணத்தால்தான் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். நீங்கள் ஸ்பூனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கார்ல ஏத்தினதால கிடைக்கலம்மா. ஒன்பதாவது படம் அவகிட்ட இருந்துது. ஒருத்தர் கேக்கணும், அவ்ளோதான். இங்க அத்தனை பேர் உக்காந்திருந்தோமே, ஒருத்தராவது கேட்டோமா?"

அன்றைக்கு அது எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பொங்கல் ஆறிவிடப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் நீங்கள் இல்லாமல் பயிற்சி நடக்கிறது. நேரத்தைத் திரையிலேயே சிவப்பு எண்களாகக் காட்டுகிறார்கள், அதனால் எனக்கு வேலை டீ மட்டும்தான். இன்றைக்கு மூன்றாம் நாள், ஒரு சின்னப் பெண் பேசினாள். எங்கேயோ ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும் ஒரு கிரகமாம். அதன் ஒரு பக்கம் எப்போதும் பகலாம், மறுபக்கம் எப்போதும் இருட்டாம். முடித்துவிட்டு நின்றாள். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே என்று ஒவ்வொருவரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். அந்தப் பெண் லேப்டாப்பை மூடக் கை வைத்தாள்.

நான் டீ ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன், மேடம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழில்தான் கேட்டேன்.

"இந்தப் பக்கம் பகல், அந்தப் பக்கம் ராத்திரின்னியேம்மா, ரெண்டும் சேர்ற எடத்துல என்ன இருக்கும்?"

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது ஆன்ட்டி. அடுத்து நான் பாக்கப் போறதே அதைத்தான்."

அதற்குள் முன் வரிசையில் ஒரு கை எழுந்திருந்தது. பின்னால் இன்னும் இரண்டு. நான் ட்ரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே காற்று அடிக்குமா, மழை உண்டா, ஓர் அடி எடுத்து வைத்தால் பகலும் ஓர் அடி பின்வைத்தால் இருட்டுமாக இருக்குமா என்று. நாளைக்கு அந்தப் பெண் டீக்கு வரும்போது கேட்க இன்னும் நாலு கேள்வி என்னிடம் இருக்கிறது.