செல்விக்கு அனுப்பிய மெஷின் புத்தகம்

புரட்டாசி 20, செவ்வாய்

நடவு மெஷினோட புத்தகம் பிடிஎஃப்பாக என் போனில் இருக்கிறது. மருமகள் ஏற்றிக் கொடுத்த இலவச ஆப்பில், அதன் ஓரத்திலேயே நான் குறிப்பு எழுதுவேன். சேறடித்து, மண் படிய ஒரு நாள் விட்டு நடச் சொல்கிறது புத்தகம். நம்ம களிமண்ணுக்கு ரெண்டு நாள் வேணும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஓரகத்தி செல்வி புத்தகத்தைக் கேட்டாள். குறிப்போடு அனுப்பவா, இல்லாமலா என்று ஆப் கேட்டது. என் நாற்றங்கால் காய்ந்தபோது மடையை அடைத்தவள் அவள். இல்லாமல் என்று அமுக்கினேன்.

இன்று அவள் வயலில் மெஷின் புதைந்துவிட்டது. நாற்றெல்லாம் வரப்பில் கிடந்து வாடிப்போச்சு. சாயங்காலம் சேற்றுக்காலோடு வந்தாள்.

"புத்தகத்துல உள்ளபடிதானேக்கா செஞ்சேன்?"

"உன் வயல் பள்ளம்டி, அதான்."

நம்பிவிட்டாள். "இதை அதுலயே எழுதணும், எப்படின்னு காட்டுங்கக்கா" என்றாள். காட்டினேன். பள்ள வயலுக்கு மெஷின் ஆகாது என்று எழுதி, மகளிர் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

கீழத்தெருக்காரர்கள் வயல் பூராவும் பள்ளம். மெஷின் வேண்டாம் என்று ரெண்டு பேர் இப்பவே சொல்லியாச்சு. நடவுக்கு ஆள் எங்கே கிடைக்கும் அவர்களுக்கு? உள்ளதைச் சொன்னால், ஏன் அன்னைக்கே சொல்லலைன்னு செல்வி கேட்பாள். கேட்கட்டும் என்றும் இருக்கிறது, சொல்ல வாயும் வரவில்லை.