மனுவும் மாப்பிள்ளை வீட்டாரும்

2025 மே 10, சனி

சோடா குளிரவைக்கிற, பக்கத்து வீட்டு றஞ்சிதாவின் பிறிட்ஜ் இன்று பின்னேரம் வரை எங்களுடையது. மகள் டிலோஜினியைப் பார்க்க, மாப்பிள்ளையின் மாமன்மார் இரண்டு பேர் முருங்கனில் இருந்து வருவார்கள் என்று தரகர் யாகப்பர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை றொசாந்தனுக்கு மன்னாரில், பிரதேச செயலகக் கந்தோரில் வேலை.

மனுசி எடித், நான் உருட்டித் திரிகிற சில்லுக் கதிரையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். என்னைச் சாதாரணக் கதிரையில் இருத்தி, கால் இரண்டையும் சோடியாக அடுக்கி வைத்தாள். மூன்று வருடத்துக்கு முன் சங்கு குளிக்கப் போய் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தேன். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஆனால் உடுத்த சாரத்துக்குள் வைத்துப் பார்த்தால் நல்ல கால்கள்தான்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். "ஐயா, கந்தோரில இருந்து வாறம்." மாப்பிள்ளையும் கந்தோர்க்காரன்தானே! கேக் வெட்டினோம், சோடா உடைத்தோம். வீடு யாருடையது, கிணறு உண்டா, மலசலகூடம் எங்கே என்று கேள்விக்கு மேல் கேள்வி.

"வருத்தக்காரர், ஏலாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"ஐயா இப்பவும் கடலுக்குப் போறனீங்களோ?"

"போறனான். பத்துப் பாகம் ஆழம் சுழியோடுவன், தம்பி."

ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நல்ல ஒழுங்கான குடும்பம் என்று எடித்துக்கு மகிழ்ச்சி.

மே 11

பூசை முடிந்து யாகப்பர் வந்தார். மாமன் ஒருவருக்குக் காய்ச்சலாம், அடுத்த சனிதான் வருவார்களாம். அப்படியென்றால் நேற்று எங்கள் கேக்கைச் சாப்பிட்டது யார்?

மே 17

இன்று உண்மையான மாமன்மார். அதே பிறிட்ஜ், அதே கதிரை, அதே பொய். பிடித்துப்போயிற்று! டிலோஜினி றொசாந்தனோடு கதைக்கிற போனைக் கீழே வைக்கிறாளில்லை.

ஜூன் 16

தை மாதம் நான் விண்ணப்பித்த மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இல்லை என்று கடிதம் வந்தது. எனக்குத் தகுதியில்லையாம். மறுப்பென்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாமாம்.

அதை நம்பித்தானே மருந்து, புண்ணுக்குக் கட்டுற துணி எல்லாம்! எடித் கருவாடு வித்து எத்தனை நாளைக்கு இழுப்பாள்? ஒருக்கா வந்து என்ர காலைத் தட்டிப் பாருங்கோவன்! தட்டினாலும் எனக்குத் தெரியாது. அதுதானே பிரச்சினை.

ஜூன் 26

சட்ட உதவி செய்கிற சட்டத்தரணி றெபேக்காவைப் பார்க்க இரண்டாம் தடவை போனேன். சின்னப் பிள்ளை, வேகமான பேச்சு. போன கிழமை நான் கொடுத்த மறுப்புக் கடிதத்தை வைத்து, என்னைப் பற்றிய அறிக்கையின் பிரதியை எடுத்திருந்தார்.

"பஸ்தியாம்பிள்ளை அங்கிள், மே பத்தாம் திகதி கொடுப்பனவுக்குக் கணக்கெடுக்க ஆக்கள் வந்தவையோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் வாசித்தார்: நல்ல தேகாரோக்கியம். தொழில் செய்கிறார். பத்துப் பாக ஆழம் சுழியோடுவார். பிறிட்ஜ் உண்டு.

"இதெல்லாம் ஆர் சொன்னது?"

"நான்தான் பிள்ளை."

கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகுதான் சிரிப்பு நின்றது. டொக்டர் எழுதின ஆஸ்பத்திரித் துண்டு வேண்டும். அன்று நடந்ததை அப்படியே எழுதிச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். விசாரணைக்கு நேரில் வர வேண்டும். விசாரணை பிரதேச செயலகத்தில். றொசாந்தன் இருக்கிற அதே கந்தோர்!

"கால் கொஞ்சம் சுகமில்லை எண்டு மட்டும் எழுதேலாதோ?"

"ஏலாது அங்கிள். சத்தியம் எண்டு போட்டிட்டு அரைப் பொய் எழுத நான் விடமாட்டன்."

ஜூன் 27

எடித் குதிக்கிறாள். "ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமாம், நாங்கள் ஒண்டைத்தானே சொன்னம்! தாலி ஏறட்டும், பிறகு மனுவைப் போடுங்கோ." மனு அதுவரை காத்திருக்காது.

டிலோஜினியும் றொசாந்தனுக்கு இன்னும் சொல்லவில்லையாம். "உங்கட காலைச் சொல்ல வெட்கமில்லை அப்பா. மறைச்சதைத்தான் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல."

சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 8

உண்மையைச் சொல்ல, முருங்கனில் மாப்பிள்ளை வீட்டுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் வயலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் விசாரித்துவிட்டு வைத்தேன். கடலில் இல்லாத பயம் இந்தப் போனில்.

ஜூலை 15

விசாரணை. உள்ளே போகிற வழியில் றொசாந்தன், கையில் கோப்போடு. என்னையும் பார்த்தான், சில்லையும் பார்த்தான். மற்றக் கதவால் போய்விட்டான்.

றெபேக்கா ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்துப் பேசினார். கணக்கெடுத்த தம்பியும் இருந்தார். "கேக் நல்லா இருந்தது ஐயா" என்றார், பாவம். கடைசியில் அதிகாரி என்னிடமே கேட்டார்: "நீங்கள் நடப்பீங்களோ?"

"இல்லை."

மூன்று வருடத்தில் இந்தச் சொல்லை யாருக்கும் இப்படி நேராகச் சொன்னதில்லை.

ஜூலை 18

மாப்பிள்ளையின் தாய் அகஸ்ரினா போன் எடுத்தார். "கால் ஏலாதது குற்றமில்லை அண்ணை. எங்களை ஏமாத்தலாம் எண்டு நினைச்சியள் பாருங்கோ, அதுதான் குற்றம்." வைத்துவிட்டார். டிலோஜினி சாப்பிடவில்லை. இது நான் செய்த வேலை. எடித்தின் தலையில் போட மாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

முருங்கனுக்குப் போனேன். கொண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மன்னார்ப் பாலம் தாண்டி மூன்று வருடம்!

அகஸ்ரினா வாசலில் நின்றார், உள்ளே கூப்பிடவில்லை. முற்றத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரவல் பிறிட்ஜ் வரைக்கும் முகத்தை இறுக்கி வைத்திருந்தார். கணக்கெடுக்க வந்தவர்களைச் சம்மந்தி என்று நினைத்துப் பத்துப் பாகம் சுழியோடுவேன் என்று சொன்ன இடத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 4

கொடுப்பனவு கிடைத்துவிட்டது. முதல் போன் றெபேக்காவுக்கு. வீட்டில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. முருங்கன் இன்னும் யோசிக்கிறது.

ஓகஸ்ட் 23, சனி

முருங்கன் யோசித்துச் சரி என்றுவிட்டது. நாளை அங்கிருந்து பதினெட்டுப் பேர் வருகிறார்கள், கலியாண நாள் குறிக்க. காலையில் இருந்து எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. பின்னேரம் அகஸ்ரினாவின் போன்.

"அண்ணை, கதிரை தேடி ஓடித் திரியாதேங்கோ. நாங்கள் எல்லாரும் பாயில இருப்பம். நீங்கள் ஒராள் மட்டும் கதிரையில இருங்கோ, ராசா மாதிரி."

எடித் வீட்டில் உள்ள பாய் எல்லாவற்றையும் தட்டி வெயிலில் போட்டிருக்கிறாள்.