உப்புச் சாக்கில் வந்தவனின் பேர்

கில்லிக் குடா,
நியூஃபவுண்ட்லாந்து,
மார்ச் 9, 1982.

அன்பு மகள் ட்ரூடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் ஆல்பர்ட்டா குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கு என்ன வலி என்று எழுதினால் அம்மா படித்துவிடுவாள், அதனால் விட்டுவிடுகிறேன். குடா முழுக்கப் பனிக்கட்டி அடைத்து நிற்கிறது, படகு இறங்கவில்லை, மீன் ஆலையும் மூடிக் கிடக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் சும்மா உட்கார்ந்தால் கடிதம் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

போன கடிதத்தில் நீ ஒன்று கேட்டிருந்தாய். உங்களைப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னப்பா, எப்படியாவது விசாரித்து எழுதுங்கள், பையன் பிறந்தால் அதைத்தான் வைக்கப் போகிறேன் என்று. படித்ததும் சிரித்தேன், அப்புறம் இன்னொரு தடவை படித்தேன். ஹெட்லி என்பது போதகர் வைத்த பேர், அது உனக்கும் தெரியும். மாசிப் புயலில் நம் பாறைக்கடியில் நீராவிக் கப்பல் மோதி உடைந்ததும், கயிற்றில் உப்புச் சாக்கைக் கட்டி அதில் என்னை இறக்கியதும், கருவாடு மாதிரி நான் கரையேறியதும் நீ சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். வேறொரு சாக்கில் இன்னொரு பிள்ளையும் வந்தது, பெண், அது செயின்ட் கீரன் குடாவுக்குப் போனது என்பதும் ஊரறிந்த விஷயம். பிள்ளைகளுக்குப் பிறகு கயிறு அறுந்துவிட்டது, வேறு ஒருவரும் வரவில்லை. அந்தப் பெண்ணை நான் யாரோ என்றுதான் ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். அவள் ஆர்.சி. பிள்ளை, நான் புராட்டஸ்டன்ட் பிள்ளை, இரண்டும் ஒரே வயிற்றில் எப்படிப் பிறக்கும். ஊரே அப்படித்தான் கணக்குப் போட்டது, நான் மட்டும் என்ன மேதையா.

உன் கடிதத்துக்காகத்தான் மேடு ஏறி அந்தப் பக்கம் செயின்ட் கீரன் குடாவுக்குப் போனேன். அன்றைக்குத் தண்ணீரில் நின்று சாக்கை வாங்கிய ஆட்களில் ஃபான்ஸ் கிழவன் ஒருவன்தான் மிச்சம். பேரைக் கேட்டேன். பேரு தெரியாதுடா, சாக்குல சீட்டா ஒட்டியிருந்துச்சு என்றான். அப்புறம் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டுச் சொன்னான். மொதச் சாக்கை அவுத்தா அந்தப் பொண்ணு நீலம் பாரிச்சுக் கெடக்கு, மூச்சில்ல, என் கழுத்துல கெடந்த மாதா பதக்கத்தக் கழட்டி அது கழுத்துல போட்டுக் கும்பிட்டேன், இருமிடுச்சு, ரெண்டாவது சாக்குல நீ, வாயைக் கிழிச்சுக்கிட்டு அழுத, உனக்கெதுக்கு மாதா என்றான். இரண்டு பேரையும் மேலே அனுப்பிவிட்டு அவன் அடுத்த ஆளுக்காகக் கயிற்றடியில் நின்றிருக்கிறான். பாறைமேல் அவர்கள் சாமியாரும் நம் போதகரும் கம்பளியோடு நின்றார்கள். பதக்கம் இருந்த பிள்ளை சாமியாருக்கு, இல்லாத பிள்ளை போதகருக்கு. சண்டையில்லை, சச்சரவில்லை, மீன் பங்கு பிரிக்கிற மாதிரி நேர்மையாகப் பிரித்துக்கொண்டார்கள். இருட்டிய பிறகு ஃபான்ஸ் மேலே வந்து, சாமி அது என் பதக்கம், மேல இருந்து கப்பல்காரன் ரெண்டும் ஒரு தாய்ப் புள்ளைன்னு கத்தினான் என்று சொல்லியிருக்கிறான். மாதாவே பாத்து எடுத்துக்கிட்ட ஆத்மா, அத நீ கெடுக்காத என்று சாமியார் வாயை அடைத்துவிட்டார்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, தபால் நிலையத்து ஃபிலமினாதான். நீ பள்ளி விட்டு வரும்போது தபால் வாங்கப் போவாயே, எப்போதும் தலையில் துணி கட்டி முறைப்பாளே, அவளேதான். கதவைத் தட்டினேன். வா, ஒரு மேடு ஏறி எறங்க அம்பது வருசமா உனக்கு என்றாள். அவளுக்குத் தெரியும், ட்ரூடி. பதினைந்து வயதிலேயே ஃபான்ஸ் சொல்லிவிட்டானாம். என் கல்யாணத்துக்குக் கூட வந்திருக்கிறாள், நம் கோவிலுக்குள் கால் வைத்தால் அவர்களுக்குப் பாவம், அதனால் வேலிக்கு வெளியே நின்றிருக்கிறாள். நம் மணியடிக்கிறவன் அவளைப் பார்த்து, மாதாக்காரிக்கு நம்ம கேக் வாசம் அங்க வரைக்கும் அடிச்சிருக்கு பாரு என்று சொல்ல, வாசலில் எல்லோரும் சிரித்தார்களாம். நான் உன் கேக்குக்கு வரல, உன் காதைப் பாக்க வந்தேன் என்று சொல்லித் தலைத்துணியை அவிழ்த்தாள். நீ முடியை விட்டு மறைக்கிறாயே, என்னைப் பள்ளிக்கூடமே கேலி செய்ததே, குடுவைப் பிடி மாதிரி விரிந்த அந்தக் காது, இரண்டும் அப்படியே அவள் தலையில்.

ஏன் சொல்லவில்லை என்றேன். என்னைய வளத்தவ, சொன்னா என்னைய உங்காளுங்க கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு அழுதா, அவ செத்ததுக்கப்புறம் சொல்ல வெக்கமா போச்சு, உன்கூட என்னத்தப் பேச, வானிலையா என்றாள். பெரிய ரொட்டித்துண்டில் சதுப்பு நிலத்துப் பழ ஜாம் தடவி வைத்தாள். அப்போது கேட்டேன், கப்பல் உடைஞ்சப்ப உனக்கு மூணு வயசாச்சே, எனக்கு என்ன பேர் வைத்திருந்தார்கள் என்று. பாப்பா, அம்மாவும் அப்பாவும் நானும் பாப்பான்னுதான் கூப்பிட்டோம், வேற ஒன்னு இருந்திருக்கும், கூப்பிட்டாத்தானே எனக்குத் தெரியும் என்றாள். கிளம்பும்போது, ஞாயித்துக்கெழம வராத, ஊரு பேசும் என்றாள். ஊர் என்று சொன்னது பலகை அடித்து மூடிய வீடுகளை. எல்லோரும் உன் பக்கம் வேலைக்கு வந்துவிட்டார்கள், பேச நாய்கூட இல்லை. அவளை அவர்கள் கல்லறையில் புதைப்பார்கள், என்னை நம் கல்லறையில், நடுவில் அந்த மேடு. இவ்வளவுதான் நான் விசாரித்துக் கிழித்தது.

மாப்பிள்ளையைப் பனியில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். அம்மா பின்னிய சின்னக் காலுறை நாலு ஜோடி பார்சலில் வருகிறது, ஒன்றுக்கொன்று நிறம் சேராவிட்டால் என் கண்ணைத் திட்டாதே, நூல் எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் நான். கர்த்தர் உன்னைச் சுகமாகப் பெற்றெழ வைப்பார், பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். காது எங்களைப் போல வந்தாலும் பரவாயில்லை, அடையாளத்துக்கு ஆகும். பேர் உனக்குப் பிடித்ததை வை. ஆனால் ஒன்று மறந்துவிடாதே மகளே, வைத்த அன்றைக்கே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அடுத்தவர் காதில் விழும்படி. பாப்பா என்று வாயில் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்.

இப்படிக்கு உன் அப்பா,
போதகர் வைத்தபடி,
ஹெட்லி.